கோல்ஃப் துவக்கு

பக்கத்து வீட்டுக்காரரிடம் துப்பாக்கி இரவல் கேட்பதற்குப் பிரெஞ்சில் என்ன சொல்ல வேண்டும் என்று நகுலேஸ்வரன் குசினிக்குள் நின்று யோசித்துக்கொண்டிருந்தார். "பொன்ஜூர்" வரைக்கும் பிரச்சினை இல்லை. அதற்குப் பிறகு வர வேண்டிய சொற்கள்தான் வரவில்லை.

"என்னப்பா, தேத்தண்ணி ஆறுது. சுவரோட என்ன கதை?" என்று கேட்டாள், அந்த வாரம் வேலைக்கு லீவு போட்டு வீட்டில் நின்ற மனைவி கௌரி.

"இஞ்சேர், பக்கத்து வீட்டு ரெஷானிட்டைத் துவக்கு இருக்குத்தானே? மான் வேட்டைக்குப் போறவர்."

கௌரி கத்தரிக்காய் வெட்டுவதை நிறுத்தினாள். "ஆரைச் சுடப் போறியள்?"

"ஒருத்தரையும் இல்லை. கோல்ஃப் பந்து சுடோணும்."

"பந்தைச் சுட்டு ஆர் தின்னுறது?"

"பகிடி விடாதை. மனேஜர் கேட்டவர். சனிக்கிழமை துவக்காலை கோல்ஃப் பந்து அடிக்கோணுமாம்."

நகுலேஸ்வரன் மொன்றியல் பக்கம் புவாண்ட்-கிளேரில் ஒரு சாமான் களஞ்சியத்தில் வேலை செய்தார். சாய்ந்தர ஷிப்ட். கௌரி கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் வேலை முடிந்து வீடு திரும்பும்போது அவர் பஸ்ஸில் இருப்பார். அவர் திரும்பும்போது அவள் நித்திரையில் இருப்பாள். வார நாட்களில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வது ஃப்ரிட்ஜ் கதவு வழியாகத்தான். "புட்டு மேல் தட்டில், சம்பல் அதுக்குப் பின்னால்" என்று அவள் மஞ்சள் தாளில் எழுதி ஒட்டுவாள். "சம்பலில் உப்புக் கூட" என்று அவர் எழுதி ஒட்டுவார். சண்டை பிடிப்பதற்குக்கூட ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் எதற்காகச் சண்டை என்பது இருவருக்குமே மறந்துபோகும்.

இந்த நிலையில்தான் பகல் ஷிப்ட் ஃபோர்மன் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு இரண்டு பேருடைய பெயர் அடிபட்டது. ஒருவர் நகுலேஸ்வரன். மற்றவர் அதே சாய்ந்தர ஷிப்டில் இருக்கும் யோசெப். அந்த வேலை மட்டும் கிடைத்தால் கௌரியும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து சுடச்சுடப் புட்டுச் சாப்பிடலாம். உப்புக் கூட என்பதை வாயாலேயே சொல்லலாம்.

கம்பெனி ஒவ்வொரு கோடையிலும் ஒரு கோல்ஃப் நாள் நடத்தும். சாய்ந்தர ஷிப்ட் ஆட்களை இதுவரை யாரும் அதற்குக் கூப்பிட்டதில்லை. போன வருஷம் மனேஜராக வந்த ஆவுடையப்பன்தான் இந்த முறை எல்லோரையும் குடும்பத்தோடு வரச் சொன்னார். அவர் திருநெல்வேலிக்காரர். மொன்றியலில் தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நகுலேஸ்வரனிடம் எப்போதும் தமிழில்தான் பேசுவார்.

செவ்வாய்க்கிழமையும் தமிழில்தான் பேசினார். அந்த நேரம் பார்த்து ஒரு ஃபோர்க்லிஃப்ட் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது.

"நகுலேஸ்வரன்! சனிக்கிழமை கோல்ஃப்ல..." பீப். "பந்து..." பீப் பீப். "துவக்க..." பீப். "நீங்கதான்! உங்களைத்தான் நம்பியிருக்கேன்!"

"ஓம் சார்" என்றார் நகுலேஸ்வரன்.

மனேஜருக்குப் பக்கத்தில் நின்ற ஆபீஸ் பெண் அனுப்ரியா பெருவிரலைத் தூக்கிக் காட்டி, "கங்கிராட்ஸ் அண்ணா!" என்றாள். அவள் சென்னைக்காரி. ஒரு துவக்குக்கு எதற்காக வாழ்த்துச் சொல்கிறாள் என்று நகுலேஸ்வரனுக்கு அப்போதே கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

"ஏன் திருப்பிக் கேக்கேல்லை?" என்றாள் கௌரி.

"எப்பிடிக் கேக்கிறது? இங்கிலீஷ் எண்டால் 'பார்டன்' எண்டு கேக்கலாம். பிரெஞ்சு எண்டாலும் கேக்கலாம். தமிழில கதைக்கிற மனுசனிட்டை 'என்ன சொன்னனீங்கள்' எண்டு கேட்டால், இவனுக்குத் தமிழே விளங்காதோ எண்டு நினைக்கமாட்டாரே?"

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே நாட்டை விட்டே ஓடி வந்தனீங்கள்."

"அதைத்தானே நானும் யோசிக்கிறன். அங்கை துவக்கோட வந்தவங்களைக் கண்டு ஓடினன். இஞ்சை துவக்கோட வா எண்டு மனேஜர் கூப்பிடுறார்."

"அப்ப மாட்டன் எண்டு சொல்லுங்கோ."

"நான் மாட்டன் எண்டால் யோசெப் கொண்டு வருவான். அவன் கோல்ஃப் சப்பாத்தே வாங்கிப்போட்டான்."

கௌரி கத்தரிக்காயைத் திரும்ப எடுத்தாள். புட்டு அவள் நினைவிலும் வந்திருக்க வேண்டும். "சரி, போய்க் கேளுங்கோ. ஆனா துவக்கை வீட்டுக்குள்ளை கொண்டு வரக்கூடாது."

கோல்ஃப் பந்து சுடும் துப்பாக்கி என்று ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்ற சந்தேகத்தைச் சிவராசா ஏற்கெனவே தீர்த்து வைத்திருந்தான். சிவராசா அவருடைய ஊர்ப் பையன், குழாய் வேலை செய்பவன். கைபேசியில் பார்க்காத வீடியோ இல்லை. "இருக்கண்ணை! துவக்கு நுனியில கிண்ணம் மாதிரி ஒண்டைப் பூட்டி, அதுக்குள்ளை கோல்ஃப் பந்தை வைச்சு அடிக்கிறாங்கள். சில பேர் வீட்டிலயே செய்யிறாங்கள். வெள்ளைக்காரற்றை விளையாட்டுத்தானே, உங்கடை மனேஜரும் பழகியிருப்பார்."

ரெஷான் வேலிக்கு அந்தப் பக்கம் புல் வெட்டிக்கொண்டிருந்தார். நகுலேஸ்வரன் "பொன்ஜூர்" என்றார். பிறகு தோளில் துப்பாக்கி வைப்பதுபோல் நின்று, கோல்ஃப் மட்டையை வீசுவதுபோல் வீசி, தூரத்தைப் பார்த்தார்.

ரெஷானின் முகம் மலர்ந்தது. உள்ளே ஓடிப்போய் ஒரு இரும்புக் கிண்ணத்தைக் கொண்டு வந்தார். சிவராசா சொன்னது மெய்தான். ரெஷானே தன் கையால் செய்து துப்பாக்கி நுனியில் பூட்டிய கிண்ணம் அது.

"குறி சரியாகப் பிடிக்குமா?" என்று நகுலேஸ்வரன் தெரிந்த பிரெஞ்சில் கேட்டார்.

"பிரமாதமாக! ஏரிக்குக் குறி வைத்தேன், மச்சானுடைய கராஜ் ஜன்னல் உடைந்தது. அடுத்த முறை கராஜுக்கே குறி வைத்தேன், பந்து ஏரிக்குள் விழுந்தது."

"சட்டப்படி சரியா?"

ரெஷான் புல்லைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். கிண்ணத்தைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இதுவரை நான் யாரிடமும் கேட்கவில்லை. யாரும் என்னிடமும் கேட்கவில்லை. துப்பாக்கியை உனக்கு இரவல் தர முடியாது, அது மட்டும் தெரியும். மற்றதை நீ போலீஸில் கேள். என் பெயரைச் சொல்லாதே" என்று ஒரு கோல்ஃப் பந்தை மட்டும் கையில் கொடுத்தார்.

மொன்றியலுக்கு வந்த நாளிலிருந்து நகுலேஸ்வரன் ஒரு ஸ்டாப் சைனைக்கூடத் தாண்டியதில்லை. ஆகவே அவர் உண்மையாகவே போலீஸ் நிலையத்துக்குப் போனார்.

கோல்ஃப் பந்துக்குப் பிரெஞ்சில் "பல்" என்பார்கள். துப்பாக்கிக் குண்டுக்கும் அதே "பல்"தான். இந்த இரண்டாவது விஷயம் நகுலேஸ்வரனுக்குத் தெரியாது. இளம் போலீஸ்காரி ஒருத்தி முன்னால் உட்கார்ந்து, தயார் செய்து வந்த பிரெஞ்சை அவர் ஒப்புவித்தார்.

"சனிக்கிழமை கம்பெனி விழா. என் மனேஜர் வருவார். நான் துப்பாக்கி கொண்டு போவேன். ஒரே ஒரு பல். எல்லோரும் பார்ப்பார்கள். சட்டம் சரியா?"

போலீஸ்காரி மெதுவாக எழுந்தாள். கதவருகே நின்ற இன்னொரு போலீஸ்காரர் கதவைச் சாத்தினார்.

"மனேஜர் மேல் உங்களுக்கு ஏதாவது கோபமா, மெஸ்யூ?"

"கோபமா? தங்கமான மனிதர். அவருக்காகத்தான் செய்கிறேன்."

"அவருக்கு இது தெரியுமா?"

"அவர்தான் கேட்டார். உங்களைத்தான் நம்பியிருக்கிறேன் என்று சொன்னார்."

போலீஸ்காரியின் முகத்தில் பரிதாபம் வந்தது. வீட்டில் பிரச்சினையா, நித்திரை வருகிறதா, பேசுவதற்கு ஆள் இருக்கிறதா என்று கேட்டாள். ஃப்ரிட்ஜ் கதவோடுதான் பேசுகிறேன் என்று அவர் உண்மையைச் சொன்னார். அவள் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். முகம் துடைக்கக் கைலேஞ்சி எடுக்கப் பைக்குள் கை விட்டபோதுதான் ரெஷான் கொடுத்த கோல்ஃப் பந்து மேசையில் விழுந்து உருண்டது.

"இந்தப் பல்" என்றார் நகுலேஸ்வரன்.

இரண்டு போலீசும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் பொறுமையாக விளக்கினாள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைத் தொடவே கூடாது. பொது இடத்துக்கு, அதுவும் கம்பெனி விழாவுக்கு, அதைக் கொண்டுபோகும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். வீட்டில் செய்து நுனியில் பூட்டுகிற சாமான் சட்டத்துக்குள் அடங்குமா என்பதை அதற்கென்று இருக்கிற நிபுணர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"இன்னொன்று, மெஸ்யூ. ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்தால், எந்த அர்த்தம் என்று முதலிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்."

வீட்டுக்கு வந்து இதைக் கௌரியிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். "பந்துக்கும் பல், குண்டுக்கும் பல். என்ன பாஷையப்பா இது? எங்கடை தமிழில இப்பிடி ஒரு கரைச்சல் இருக்கோ, சொல்லு பாப்பம்!"

கௌரி, "மனேஜருக்குப் போன் எடுத்து ஏலாதெண்டு சொல்லுங்கோ" என்றாள். அன்றைக்குப் புதன்கிழமை, அவருக்கும் லீவு. ஏலாதென்று சொல்லத்தான் எடுத்தார். ஆவுடையப்பன் காரில் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் பாரிஜாதம் மாமி, அதாவது அவர் மனைவி, எந்த வழியில் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது. மனேஜரின் குரல்தான் தெளிவாகக் கேட்கவில்லை.

"சார், சனிக்கிழமை விஷயமா..."

"ஆமா, பிராக்டிஸ் பண்றீங்களா? ரொம்ப தூரம் போகணும்னு இல்லீங்க. நேரா போனா போதும். எல்லாரும் கை தட்டிருவாங்க!"

இவ்வளவு ஆசையாகச் சொல்கிறவரிடம் ஏலாது என்று எப்படிச் சொல்வது? நகுலேஸ்வரன் வேறு பக்கத்தால் வந்தார். "சார், அது சட்டப்படி... எப்பிடி?"

"அதுவா? காலர் இருக்கணும். காலர் இல்லன்னா கேட்லயே நிறுத்திருவாங்க. வேற ஒரு ரூலும் கிடையாது!"

போன் கட்டானது.

"கொலரா?" என்றாள் கௌரி.

"கொலர்!" என்று எழுந்தே நின்றுவிட்டான், அப்போதுதான் தேத்தண்ணி குடிக்க வந்திருந்த சிவராசா. "பைப் நுனியில பூட்டுற வளையமண்ணை! நான் பூட்டாத கொலரே? போலீசுக்கே தெரியாத சட்டம் உங்கடை மனேஜருக்குத் தெரிஞ்சிருக்கு, பாருங்கோவன்."

"ஆனா துவக்கைத் தொடக்கூடாதெண்டு போலீஸ் சொல்லிப்போட்டுது."

"தொடவேண்டாம். துவக்கில்லாத துவக்கு ஒண்டு நான் செய்து தாறன்."

அடுத்த நாள் காலையில் சிவராசா கொண்டு வந்தது, இலையுதிர் காலத்தில் இலைகளை ஊதித் தள்ளும் மெஷின். அதன் வாயில் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாய். குழாயின் நுனியில் சட்டம் கேட்ட கொலர். துவக்கு என்றால் தோளில் வைக்க ஏதாவது வேண்டும் என்பதற்காகப் பழைய கிரிக்கெட் மட்டை ஒன்றின் பிடியை ஒட்டியிருந்தான்.

கௌரி அதைச் சுற்றி வந்து பார்த்தாள். "துவக்கு மாதிரி இல்லை. அடைச்ச தண்ணிக் கான் துப்பரவாக்கிற சாமான் மாதிரிக் கிடக்கு."

"அக்கா, பறக்கும்போது பாருங்கோ."

முதல் பந்து குழாயின் வாய்வரை வந்து வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போனது. சிவராசா மெஷினின் வேகத்தைக் கூட்டினான். இரண்டாவது பந்து "பொத்" என்று கிளம்பி, இடப்பக்கமாக வளைந்து, வேலியைத் தாண்டி ரெஷானுடைய நீச்சல் தொட்டிக்குள் விழுந்தது.

"பிராவோ!" என்று தொட்டிக்குள்ளிருந்து ரெஷானின் குரல் கேட்டது. "இப்படி நான் குறி வைத்துக்கூட விழுத்த முடியாது!"

"நான் குறி வைச்சது இந்தப் பூவரசுக்கடா" என்றார் நகுலேஸ்வரன்.

"அண்ணை, அது மேப்பிள்."

"எதுவோ. நேரா நிக்கிற மரம்."

மூன்றாவது பந்தும் ரெஷானிடம் போனது. நான்காவது, கொடியில் காய்ந்த படுக்கை விரிப்பில் பட்டு கௌரியின் காலடியில் விழுந்தது. ஒவ்வொன்றும் இடப்பக்கம்தான். சிவராசா குழாயின் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"கொலர் கொஞ்சம் சரிஞ்சிருக்கண்ணை. காத்தைத் திருப்பி விடுது. கழட்டினால் பந்து நேரா போகும்."

"கொலரைத் தொடாதை! அது சட்டம்!"

"சட்டப்படி இருந்தால் குறி பிழைக்குது. குறி சரியா இருந்தால் சட்டம் பிழைக்குது."

"சட்டம் இருக்கட்டும். குறியை நான் பாக்கிறன்."

அவர் பார்த்த விதம் இதுதான். பந்து இடப்பக்கம் போனால், தான் வலப்பக்கம் திரும்பி நிற்க வேண்டும். கொஞ்சம் திரும்பினார், போதவில்லை. இன்னும் திரும்பினார். கடைசியில் குசினி ஜன்னலுக்கு நேரே நின்று சுட்டபோது பந்து அழகாக வளைந்துபோய் மேப்பிள் மரத்தில் பட்டது. பந்துக்குப் பயந்து உள்ளே போய் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்த கௌரி மேசைக்குக் கீழே இருந்தாள்.

"பட்டிட்டுது! நேரா பட்டிட்டுது!" என்று நகுலேஸ்வரன் துள்ளினார்.

"மனுசியைச் சுடுற மாதிரி நிண்டு மரத்தைச் சுடுற மனுசனை இப்பதான் பாக்கிறன்" என்றாள் கௌரி, மேசைக்குக் கீழிருந்தே. ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வியாழக்கிழமை காலையில் இருவரும் சேர்ந்து சிரித்து வெகு காலமாகியிருந்தது.

சனிக்கிழமை சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கம் உள்ள அந்த கோல்ஃப் மைதானத்துக்குச் சிவராசாவின் வான் வண்டியில் போனார்கள். துவக்கு ஒரு படுக்கை விரிப்பில் சுற்றப்பட்டிருந்தது. நகுலேஸ்வரன், புரோசார்டில் உள்ள ஒரு பலசரக்குக் கடை இலவசமாகக் கொடுத்த டி-ஷர்ட்டைப் போட்டிருந்தார். எண்ணெய் கிண்ணெய் பட்டாலும் பரவாயில்லை என்பதற்காக.

வாசலில் நின்ற இளைஞன் அவரைத் தடுத்தான். தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, "கொல், மெஸ்யூ. கொல்!" என்றான்.

துவக்கும் கையுமாக நின்ற மனிதருக்கு வியர்த்துப்போனது. "ஆரை?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டார்.

பின்னால் வந்துகொண்டிருந்த அனுப்ரியா ஓடி வந்தாள். "அண்ணா, பிரெஞ்சுல 'கொல்'னா காலர். காலர் எங்கன்னு கேக்கறான்."

நகுலேஸ்வரனுக்கு உயிர் வந்தது. மனேஜர் சொன்ன அதே சட்டம்! விரிப்பை விலக்கிக் குழாய் நுனியைப் பெருமையோடு நீட்டினார். "கொலர்!"

இளைஞன் குழாயைப் பார்த்தான். நகுலேஸ்வரனைப் பார்த்தான். பிறகு அவருடைய டி-ஷர்ட்டின் கழுத்தை விரலால் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினான்.

அதற்குள் ஆவுடையப்பன் வந்துவிட்டார். சிவராசா அவசரமாக விரிப்பைச் சுற்றி மூடினான். "என்னங்க இது, டி-ஷர்ட்ல வந்திருக்கீங்க? போன்ல நீங்களே 'சட்டை எப்படி'ன்னு கேட்டீங்க, காலர் வேணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"நான் சட்டப்படி எப்பிடி எண்டெல்லோ கேட்டனான், சார்..."

"எந்தச் சட்டம்?" என்றவர் பதிலுக்கு நிற்கவில்லை. காரைத் திறந்து தன்னுடைய கோடு போட்ட சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். விரிப்புச் சுருளைப் பார்த்துக் கண்களை அகல விரித்தார். "ஓ, சொந்த செட்டே கொண்டாந்துட்டீங்களா? பலே! வாங்க, எல்லாரும் வெயிட்டிங்."

நகுலேஸ்வரன் மனேஜரின் சட்டைக்குள் நுழைந்துகொண்டிருந்த நேரத்தில் சிவராசா ஒன்று யோசித்தான். சட்டம் கேட்ட கொலர் சட்டையினுடைய கொலர் என்றால், குழாய்க்கு எதற்குக் கொலர்? கழட்டினான். காற்சட்டைப் பைக்குள் போட்டான். அண்ணையிடம் பேந்து சொல்லலாம் என்று நினைத்தான். பிறகு அவனுக்கு யாரோ சமோசா நீட்டினார்கள்.

புல்வெளியில் கம்பெனி முழுவதும் கூடியிருந்தது. முன்னால் வெகு தூரத்தில் ஒரு கொடி. வலப்பக்கம் மர நிழலில் நீளமான சாப்பாட்டு மேசை. மேசையின் நடுவில் பாரிஜாதம் மாமி விடிய எழுந்து செய்து கொண்டுவந்த தயிர்சாதம், ஒரு பெரிய பாத்திரத்தில். அதற்குப் பக்கத்தில் யோசெப், புதுச் சப்பாத்தும் தொப்பியும் போட்டுக்கொண்டு, பந்து வரும் திசையைப் பார்ப்பவரைப்போல் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

ஆவுடையப்பன் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஏதோ சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். "நகுல்! நகுல்!" என்று கத்தினார்கள்.

நகுலேஸ்வரன் முன்னால் வந்தார். கௌரி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்குச் சுடச்சுடப் புட்டின் ஆவி மூக்கில் அடித்ததுபோல் இருந்தது. விரிப்பை உதறினார்.

கைதட்டல் நின்றது.

கிரிக்கெட் பிடியைத் தோளில் வைத்தார். பந்தைப் போட்டார். பிறகு, கொடிக்கு நேரே இருந்தவர், பழகியபடியே வலப்பக்கம் திரும்பினார். இன்னும் திரும்பினார். சாப்பாட்டு மேசைக்கு நேரே வந்து நின்றார்.

"நகுலண்ணை, நான் கொலரை..." என்று சிவராசா வாயில் சமோசாவோடு கத்தினான்.

மேசையடியில் நின்ற கூட்டம் சிதறி ஓடியது. யோசெப் புதுச் சப்பாத்தோடு புல்லில் குப்புற விழுந்தார். "பொத்" என்றது துவக்கு.

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பந்து நேராகப் போனது. வளையாமல், சரியாமல், நூல் பிடித்ததுபோல் போய்த் தயிர்சாதத்தின் நட்டநடுவில் "சளக்" என்று இறங்கியது.

பாத்திரத்தைக் காப்பாற்ற ஓடிய ஆவுடையப்பன் முகத்தில் தயிரோடு நிமிர்ந்தார். கண்ணாடியில் ஒரு கறிவேப்பிலை ஒட்டியிருந்தது.

"ஏங்க, நேரா போனா போதும்னு சொன்னது நீங்கதானே?" என்றாள் பாரிஜாதம் மாமி.

ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றினார். "நகுலேஸ்வரன், நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?"

"துவக்கு எண்டனீங்கள், சார்."

"ஆமா, துவக்கத்தான் சொன்னேன்."

"அதுதான் கொண்டு வந்தனான்."

"எதைக் கொண்டு வந்தீங்க?"

"துவக்கு, சார்."

"இப்படியா துவக்கறது?"

"இதை உண்மையான துவக்கெண்டு சொல்ல ஏலாதுதான், சார். உண்மையான துவக்குக்குப் போலீஸ் விடேல்லை."

"துவக்கறதுக்கு எதுக்குங்க போலீஸ்?"

இருவரும் ஒருவரை ஒருவர் வெறித்துப் பார்த்தார்கள். நகுலேஸ்வரன் துவக்கை மெதுவாகப் புல்லில் வைத்தார். கௌரியின் பக்கம் திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. ஃப்ரிட்ஜ் கதவுக்கு இன்னும் கொஞ்சம் மஞ்சள் தாள் வாங்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, சார். மாமி, நீங்களும் மன்னிக்கோணும். சோத்தைப் பழுதாக்கிப்போட்டன். ஃபோர்மன் வேலையை யோசெப்புக்கே குடுங்கோ."

புல்லில் கிடந்த யோசெப் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

மரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்த அனுப்ரியா, ஒருவழியாக மூச்சைப் பிடித்துச் சொன்னாள்:

"ஐயோ அண்ணா, எங்க ஊர்ல துவக்கறதுன்னா ஆரம்பிச்சு வைக்கறது, புது ஃபோர்மன் வர்ற வருஷம் முதல் பந்தை அடிச்சுத் துவக்கறது இங்க அவர்தான், நீங்கதான் செவ்வாய்க்கிழமையே 'ஓம் சார்'னு சொல்லி ஃபோர்மன் வேலைய வாங்கிட்டீங்களே!"